ப்ளக் வண்டி இழுத்த கேரவன்

ஏப்ரல் 14, ஞாயிறு

இன்று என் சமையலறையில் இருந்தவர்கள்: என் மகன் ஆர்ன்ஃபின், அவன் மகள் சிக்ருன், என் கொழுந்தன் ஓட்முண்ட், அவன் பெண்டாட்டி குன்வோர், பிறகு நான். ஐந்து பேர். வாஃபிள் பதினான்கு சுட்டேன். ஆறு ஓட்முண்ட் வயிற்றில். பேர் எழுதி வைப்பது நல்லது. பின்னால் ஒருவர் "நான் அன்னைக்கு அங்க இல்லவே இல்லை" என்பார். இந்தக் குடும்பத்தில் அது வழக்கம்.

ஆர்ன்ஃபின் டீசல் வேனை விற்றுவிட்டான். முதுகு வலியாம், இனி கேரவனை, அந்தச் சக்கர வீட்டை, வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்க முடியாதாம். கேரவனையும் விற்றுவிடலாமா என்று பழுப்புச் சீஸைச் சீவிக்கொண்டே கேட்டான். ஏதோ பழைய சைக்கிளை விற்பது மாதிரி.

நாற்பத்து மூன்று வருஷமாக ஜூலை மாதம் மலையைத் தாண்டி செல்யோர் ஏரிக்கரைக்குப் போகிறோம், ஆட்ட வாரத்துக்கு, ஜோடி ஜோடியாக ஆடுகிற விழாவுக்கு. அங்கே மைதானத்தில் எங்கள் கேரவன் நிற்கும் இடம் இருபத்தேழாம் நம்பர். கேரவன் படியிலிருந்து ஆட்டமேடைக்கு முப்பத்தொரு அடி, எண்ணியிருக்கிறேன். அதற்குப் பின்னால் கிடைக்கும் இடமெல்லாம் மேட்டில். மாற்றிய இடுப்பெலும்பை வைத்துக்கொண்டு அங்கிருந்து இறங்கி, ஆடி, திரும்ப ஏற என்னால் ஆகாது. இருபத்தேழு போனால் எனக்கு ஆட்டமும் போச்சு. அவ்வளவுதான்.

அங்கே விதி கறாரானது. போன வருஷம் இருந்தவர் புதன்கிழமை ஐந்து மணிக்குள் கேரவனோடு வந்துவிட வேண்டும். வராவிட்டால் காத்திருப்பவர்களில் முதல் ஆளுக்கு இடம் போகும், அடுத்த வருஷமும் அவருக்கே. மூன்று வருஷமாக அந்த முதல் ஆள் குன்வோரின் தங்கை.

"கவலைய விடுங்க அண்ணி, உங்க கேரவனையும் நானே இழுத்துட்டுப் போய்ப் போட்டுட்டு, திரும்பி வந்து என்னோடத எடுத்துக்கறேன்" என்றான் ஓட்முண்ட்.

வேண்டாம் என்றேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். 1986 ஜூலை 9, புதன்கிழமை. மலைச்சாலையில் எங்கள் கார் கொதித்துப் புகைவிட்டு நிற்கிறது. நானும் என் புருஷன் ஸ்வெர்ரேயும் ஒன்பது வயது ஆர்ன்ஃபினும் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறோம். பின்னால் கேரவனோடு வந்தான் ஓட்முண்ட், கூடப் பிறந்த தம்பி. இரண்டு தடவை ஹாரன் அடித்தான். போய்விட்டான். பக்கத்து இருக்கையில் குன்வோர் பின்னல் வேலையிலிருந்து தலையே தூக்கவில்லை. "உங்களுக்கு இடம் பிடிக்கத்தானே போனேன்" என்று இன்றுவரை சொல்கிறான். ஸ்வெர்ரே அன்று சாயந்திரமே மன்னித்துவிட்டான். அவன் சுபாவம் அப்படி. நான் ஸ்வெர்ரே இல்லை.

அப்போதுதான் சிக்ருன் சொன்னாள். "நான் இழுக்கறேன் பாட்டி. என் வண்டியில கொக்கி இருக்கு."

அவள் வண்டி கரண்டில் ஓடுவது. ஓட்முண்ட் வாயில் வாஃபிளோடு சிரித்தான். பொடி மேஜையெல்லாம் தெறித்தது.

"அந்த ப்ளக் வண்டியா? மலையில பாதி தூரம் போனதும் மூச்சு விட்டுடும் பாரு. அண்ணி, ஒரு அம்பது கிலோமீட்டர் வயர் வாங்கி வெச்சுக்கோங்க."

இழுக்கும் என்றேன். இழுக்குமா என்று எனக்கு ஒரு எழவும் தெரியாது. ஆனால் சொல்லியாயிற்று.

ஏப்ரல் 15

இழுக்குமா?

மே 26, ஞாயிறு

சிக்ருன் கனமான கேரவன் இழுக்கும் உரிமத் தேர்வில் தேறிவிட்டாள். முதல் தடவையிலேயே. ஓட்முண்டுக்கு மூன்று தடவை ஆனது, 1979-இல். அதை அவனுக்குப் போன் போட்டு ஞாபகப்படுத்தினேன்.

ஜூன் 22, சனி

ஒத்திகை.

வெறும் வண்டி என்றால் ஒரு சார்ஜில் நானூற்று முப்பது கிலோமீட்டர் போகுமாம். கேரவனை மாட்டியதும் சிக்ருன் திரையைத் தட்டினாள், எண் இருநூறுக்கு இறங்கிவிட்டது. பாதிக்கும் கீழே. காற்றை முட்டித் தள்ளுவதால்தான் என்றாள் அவள். எடையை வண்டி பொருட்படுத்தாதாம், பீரோ மாதிரி செங்குத்தாக நிற்கும் முகப்புதான் தின்கிறதாம். எண்பதுக்கு மேல் ஓட்டாவிட்டால் சமாளிக்கலாம் என்றாள். எண்பதுக்கு மேல் யார் ஓட்டச் சொன்னது.

ஆனால் ஏற்றம். அதை எப்படி எழுதுவது? ஏழு வருஷம்தான் பள்ளிக்கூடம் போனேன், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். ஸ்வெர்ரேயின் கார்கள் எல்லாம் அந்த ஏற்றத்தில் முக்கும், முனகும், இரண்டாம் கியரில் அழும். பின்னால் லாரிக்காரன் திட்டுவான். இன்று ஒரு சத்தமும் இல்லை. வண்டி பாட்டுக்கு ஏறுகிறது. கேரவனுக்குள் கரண்டிகள் ஒன்றோடொன்று உரசுவது கேட்டது. "இழுக்குதாடி?" என்று கேட்டேன். "கண்ணாடியப் பாருங்க பாட்டி" என்றாள். பார்த்தேன். இருந்தது, பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

பேட்டரியில் மீதி எத்தனை சதவீதம் என்று படிப்பது என் வேலை. உச்சியில் நாற்பத்தொன்று. அங்கேயே திருப்பி இறங்கினோம். நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்று. திரை கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இல்லையாம். இறக்கத்தில் கேரவன் பின்னாலிருந்து தள்ளுகிற தள்ளலை வண்டி பிடித்துக் கரண்டாக்கி வைத்துக்கொள்கிறதாம். கீழே வந்தபோது நாற்பத்தேழு. எழுபத்தேழு வயதில் ஒரு மலை எனக்குக் கடன் திருப்பித் தருகிறது. காரில் தனியாகச் சிரித்தேன். சிக்ருனும் சிரித்தாள்.

ஒரே தொல்லை சார்ஜ் போடுகிற இடம். எல்லாம் தலையை உள்ளே விட்டு நிறுத்துகிற கட்டங்கள். கேரவனோடு நுழைந்தால் வால் குறுக்கே நின்று நாலு பேருக்கு வழியை அடைக்கும். அதனால் கேரவனைப் பக்கத்துச் சரளை மேட்டில் கழற்றிப் போட்டுவிட்டு, சார்ஜ் ஏற்றிக்கொண்டு, திரும்பி வந்து மாட்ட வேண்டும். கழற்ற ஆறு நிமிஷம், மாட்ட ஒன்பது. நான் முன்னால் நின்று "இடது, இடது, போதும்" என்று கை காட்டுவேன். இரண்டே தடவையில் கொக்கி மேல் நேராக உட்கார்ந்தது.

ஜூலை 9, செவ்வாய்

கேரவனில் எல்லாம் ஏற்றியாயிற்று. ஆட்டச் செருப்பு, காபிப் பாத்திரம், உருளைக்கிழங்கு ரொட்டி. பின் ஜன்னலின் மஞ்சள் திரையைத் துவைத்து மாட்டினேன். இருபது வருஷத் துணி, நானும் குன்வோரும் ஒரே சுருளாக வாங்கிப் பங்கு போட்டோம். தூக்கம் வருமா தெரியவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறது.

ஜூலை 10, புதன்

செல்யோர், கேரவனுக்குள். இன்றே எழுதிவிட வேண்டும். வரிசையாக எழுதுகிறேன்.

பத்து மணிக்குக் கிளம்பினோம், நானும் சிக்ருனும். பின்னால் ஓட்முண்டும் குன்வோரும் அவர்கள் டீசலில், அவர்கள் கேரவனோடு. மலையடிவாரத்தில் ரோல்டாலில் சார்ஜ் போட நின்றோம். அவர்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, வேடிக்கை பார்க்கவே நின்றார்கள். சரளை மேட்டில் ஏற்கனவே வெள்ளைக் கேரவன்கள் வரிசையாகக் கிடந்தன, முட்டை அடுக்கியது போல. இடதுபக்கத்திலிருந்து இரண்டாவதாக எங்களுடையதைக் கழற்றிப் போட்டோம். அரை மணி நேரத்துக்கு யாரும் கொக்கியைப் பூட்டுவதில்லை. நாங்களும் பூட்டவில்லை.

வரிசை நீளம். ஏறி முடிக்கப் பன்னிரண்டு ஆகிவிட்டது. தொண்ணூற்று நாலு சதவீதம். ஓட்முண்டைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"படிச்சுக்கோ. தொண்ணூத்தி நாலு."

"ஏறினது சரி அண்ணி. ஏறணுமே மலை" என்றான். இரண்டாவது சாசேஜ் வாங்கக் கடைக்குள் போய்விட்டான். குன்வோர், கேரவன் வரிசைக்குப் பின்னால் நிறுத்திய காரிலேயே இருந்தாள்.

நான் நேராக நடந்து இடதிலிருந்து இரண்டாவது கேரவனுக்கு முன்னால் போய் நின்றேன். இடது, இடது, போதும். ஒரே தடவையில் உட்கார்ந்தது. சிக்ருன் விளக்கு வயரைச் சொருகினாள், சங்கிலியைப் போட்டாள், கிளம்பினோம்.

"பாட்டி, இன்னைக்கு லேசா இழுக்குது" என்றாள் ஏற்றத்தில். பழகிவிட்டது உன் வண்டிக்கு என்றேன். எனக்கு எவ்வளவு பெருமை. பாட்டுக்கூடப் பாடினேன்.

மலையைத் தாண்டி ஹௌகெலிகிரெண்டில் காபிக்காக நிறுத்தினோம். ஒன்றேகால். அறுபத்தொரு சதவீதம். போய்க் கேரவன் கதவில் சாவியை விட்டேன். நுழையவில்லை. பூட்டைத் திட்டினேன், எண்ணெய் போடாத ஆர்ன்ஃபினைத் திட்டினேன். பிறகு பின்பக்கம் போனேன்.

பின் ஜன்னலில் மஞ்சள் திரை இல்லை. அங்கே ஒரு பிளாஸ்டிக் ஆந்தை உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே நம்பர் 2083. எங்களுடையது 4417. யாரோ ஒருவருடைய கேரவனை மலை தாண்டி இழுத்து வந்திருக்கிறோம்.

என் ஞாபகம் பொய்க்கவில்லை, இதைத் தெளிவாக எழுதுகிறேன். இடதிலிருந்து இரண்டாவதுதான். நாங்கள் சார்ஜில் இருந்தபோது இடது ஓரத்துக் கேரவன் கிளம்பிப் போயிருக்கிறது. எங்களுடையது முதலாவதாகிவிட்டது. நான் சரியாக இருந்தேன், வரிசை நகர்ந்துவிட்டது. ஒரே கம்பெனி, ஒரே வருஷத்து முகப்பு, பின்பக்கம் மட்டும் இரண்டடி குட்டை. மாட்டும்போது யாராவது பின்பக்கத்தைப் பார்ப்பார்களா?

சிக்ருன் அழுதுவிட்டாள். நான் அழவில்லை. கரண்டு வண்டியில் கேரவன் இழுப்பவர்களுக்கு ஒரு குழு இருக்கிறது போனில். அதில் எழுதினாள். நாலாவது நிமிஷம் கூப்பிட்டார் ஒருவர். டோர்லைஃப், ஃபெர்ரி ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"நீங்கதானா அது? நான் உங்க வாசப்படியிலதான் உக்காந்திருக்கேன். திரை நல்லாருக்கு" என்றார்.

உங்களுடைய கேரவன் எங்களிடம், எங்களுடையது உங்களிடம், பாதி வழியில் வந்து மாற்றிக்கொள்ளலாமா என்று சிக்ருன் கேட்டாள். அவர் எழுந்து போய் எங்கள் கேரவனின் எடைத் தகட்டைப் படித்தார். உங்கள் கேரவன் என் உரிமத்தில் உள்ள எடையைத் தாண்டுகிறது, மன்னிக்கவும், என்றார். இருநூறு கிலோ அதிகம். அறுபது வருஷமாக ஒரு விதியையும் மீறாத மனுஷன். கோபப்படவும் முடியவில்லை. அவருடைய கேரவனை எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள்.

திரும்பினோம். அதே மலை, அந்த ஆந்தையோடு. ஓட்முண்டின் டீசல் எதிரே வரவில்லை. எங்களுக்கு முன்னால் தாண்டிப் போயிருக்க வேண்டும், நாங்கள் காபிக்கு ஒதுங்கியபோது. போன் போடட்டுமா என்றாள் சிக்ருன். கூடாது என்றேன். அவன் சிரிப்பதை அப்போது என்னால் கேட்க முடியாது.

இரண்டரைக்கு ரோல்டால். டோர்லைஃப் எங்கள் படியில் உட்கார்ந்து தன் தெர்மாஸ் காபியைக் கொடுத்தார். கேரவனை மாற்றினோம். இருபத்தெட்டு சதவீதம், அதனால் மறுபடி சார்ஜ். ஐந்து மணி என்பது இனி ஆகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சிக்ருனிடம் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியும், அவளும் சொல்லவில்லை.

மூன்றாவது தடவை மலை. இந்தத் தடவை நம்முடையதை இழுத்துக்கொண்டு. வண்டி அலுத்துக்கொள்ளவே இல்லை. ஒரு மாடு இருந்தால்கூட என்னைத் திரும்பிப் பார்த்து முறைத்திருக்கும். ஹௌகெலிகிரெண்டில் மறுபடி இருபது நிமிஷம் கரண்டு. ஐந்தடித்தபோது இன்னும் காட்டுக்குள் இருந்தோம். சிக்ருன், "மேட்டுல இடம் கெடச்சா நான் உங்களைத் தூக்கிட்டு வர்றேன் பாட்டி" என்றாள். வாயை மூடிக்கொண்டு ஓட்டு என்றேன்.

ஐந்து ஐம்பதுக்கு மைதான வாசலில் நுழைந்தோம்.

இருபத்தேழில் ஓட்முண்டின் டீசல் கார் குறுக்கே நின்றது. அதற்கு முன்னால் மடக்கு நாற்காலியில் ஓட்முண்ட். எதிரே குன்வோரின் தங்கை, கேரவனோடு, என்ஜினை அணைக்காமல். மைதானத்துக் காவலாளி கையில் தாளோடு.

ஓட்முண்ட் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான், என் காதால் கேட்டேன்: "நான் என்ன செய்யட்டும் தம்பி? ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. டீசல் வண்டி. இதுங்களை நம்பவே முடியாது."

ஐம்பது வருஷமாக டீசலைப் பற்றி ஒரு சொல் பொறுக்காதவன். ஊர் முழுக்கக் கேட்க அதைச் சொல்லிக்கொண்டு ஐம்பது நிமிஷம் உட்கார்ந்திருக்கிறான்.

எங்களைப் பார்த்ததும் எழுந்தான். காருக்குள் ஏறினான். முதல் திருகலிலேயே ஸ்டார்ட் ஆனது. காவலாளி தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"எங்க அண்ணி போனீங்க? வயர் பத்தலையா?" என்றான்.

மலையைத் தாண்டினோம், மூன்று தடவை, ஒரே நாளில், என்றேன். கேரவன் மாறிப்போன கதையைச் சிக்ருன் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. வண்டியைச் சுற்றி நடந்தான், சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தான். "மூணு தடவையா?" என்றான். "சூடே இல்லையே."

ஜூலை 11, வியாழன்

இன்று கேரவனுக்கு முன்னால் காபி. ஓட்முண்ட், குன்வோர், சிக்ருன், நான். நேற்றைய கதை அதற்குள் மைதானம் முழுக்கப் பரவியிருந்தது. வருகிறவர்கள் எல்லாம் கேரவனின் நம்பரைச் சரிபார்த்துவிட்டு உட்காருகிறார்கள்.

குன்வோரும் பின்னிக்கொண்டே சிரித்தாள். "நல்ல வேளை அக்கா, அந்தக் கேரவன்ல ஆந்தைதான் இருந்துச்சு. ஆளு தூங்கிட்டு இருந்திருந்தா?"

நான் காபியை ஊற்றி முடித்தேன். பிறகு கேட்டேன்.

"ஆந்தையப் பத்தி உனக்கு யார் சொன்னது குன்வோர்?"

"சிக்ருன் சொன்னாளே நேத்து."

"நான் ஆந்தையச் சொல்லவே இல்ல" என்றாள் சிக்ருன். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நேற்று அங்கே பேசிய ஒவ்வொரு சொல்லும் என்னிடம் இருக்கிறது.

ஆந்தை பின் ஜன்னலில். ரோல்டாலில் எங்களுக்குப் பின்னால் நின்ற காரில் உட்கார்ந்திருந்தவள் ஒருத்திதான். மஞ்சள் திரை இல்லாததும் அவளுக்குத் தெரியாமல் இருக்க முடியாது, அந்தத் துணியில் பாதி அவள் வீட்டில் தொங்குகிறது. ஒரு ஹாரன் போதும். கண்ணாடியை இறக்கி ஒரு சத்தம் போதும். எங்கள் கேரவன் சரளையில் கிடக்க, அவள் தங்கைக்கு இருபத்தேழு வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறாள்.

அவள் பின்னலில் கண்ணிகளை எண்ணத் தொடங்கினாள். ஓட்முண்ட் கோப்பையைக் கீழே வைத்தான். அவனுக்குத் தெரியாது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவன் கடைக்குள் சாசேஜ் தின்றுகொண்டிருந்தான்.

நான் வாஃபிளை எல்லோருக்கும் கொடுத்தேன். அவளுக்கும் கொடுத்தேன்.

ஜூலை 13, சனி

ஆடினேன். பதினொரு பாட்டுக்கு. முப்பத்தொரு அடி போக, முப்பத்தொரு அடி வர.

ஒன்பதாவது பாட்டுக்கு ஓட்முண்ட் வந்து கை நீட்டினான். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பிடித்தேன். அவன் இன்னும் என் காலைத்தான் மிதிக்கிறான். பாட்டு முடியும்போது, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு மலையில... நான் பிரேக் மேல காலை வெச்சேன் அண்ணி" என்றான்.

பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். பக்கத்து இருக்கையில் யார் இருந்தது என்று உங்களுக்கே தெரியுமே, என்றான்.

ஜூலை 14, ஞாயிறு

வீடு. நான்காவது தடவை மலை. எட்டிப் பார்த்து நம்பரைப் படித்துவிட்டுத்தான் கை காட்டினேன்.

ரோல்டாலில் சார்ஜ் போட்டபோது ஓட்முண்ட் வந்து சிக்ருனிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டான். குளிர்காலத்தில் எவ்வளவு குறையும், கொக்கி எவ்வளவு கனம் தாங்கும், கழற்றாமல் சார்ஜ் போடுகிற இடம் எப்போது வரும். நான் அவனுக்குச் சொன்னேன்: இழுக்கும். இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை காபி குடிக்க வைக்கும். அவ்வளவுதான் வித்தியாசம், நமக்கும் அந்த வயசுதான். ஆர்ன்ஃபின் இன்று வந்து கேரவனைச் சுற்றிப் பார்த்தான், விற்பதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. டோர்லைஃப் ஆந்தையின் படம் அனுப்பியிருக்கிறார், கழுத்தில் ஒரு மஞ்சள் நாடா கட்டி.

இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் 1986-லிருந்து ஒரு பெயர் இருக்கிறது. நோட்டு மாறும்போதெல்லாம் அதையும் எடுத்து எழுதிக்கொண்டே வந்தேன். இன்று அடித்தேன். ஓட்முண்ட்.

அன்றும் பின்னிக்கொண்டிருந்தாள். இன்றும் பின்னிக்கொண்டிருக்கிறாள். கீழே எழுதினேன், எழுத்து ஒவ்வொன்றையும் அழுத்தி.

குன்வோர்.